கண்ணாடித் தரை ஸ்கைவாக்குக்கு அம்மாவ கூட்டிட்டுப் போலாமா? கிராண்ட் கேன்யன் போனவங்க சொல்லுங்க

தங்கச்சிமடம்_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பி லாஸ் வேகஸ் பக்கத்துல ஹெண்டர்சன்ல வேல பாக்குறான், டிசம்பர்ல அப்பா, அம்மா, நான் மூணு பேரும் போறோம், விசா பிளைட் டிக்கெட் எல்லாம் ஆச்சு. அப்பா விசைப்படகுல டிரைவரா இருந்தவரு, அவருக்கு அமெரிக்கால வேற எதுவுமே பாக்க வேணாமாம், யூடியூப்ல பாத்த, கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு மேல இருக்குற அந்த ஸ்கைவாக் கண்ணாடிப் பாலத்துல ஒருவாட்டி நின்னு கீழ பாத்துட்டா போதுங்கிறாரு. தம்பி என்னடான்னா அது காசு புடுங்குற எடம், அதுக்கு பதிலா அதே பள்ளத்தாக்கோட தெக்கு விளிம்பு, சவுத் ரிம் போலாம்ங்கிறான். ரெண்டு பேரும் வீடியோ கால்ல இதுக்கே சண்ட போட்டுக்கிட்டு இருக்காங்க.

எனக்கு கவல அம்மாவ நெனச்சுதான். அவங்களுக்கு உசரம்னாலே ஆகாது. பழைய பாம்பன் பாலத்துல ரயில் ஓடுன காலத்துல கடலுக்கு காசு போடணும்னு ஆசப்படுவாங்க, ஆனா கண்ண இறுக்க மூடிக்கிட்டு கைய மட்டும் ஜன்னல் கம்பிகிட்ட கொண்டு போயி போடுவாங்க, காசு கம்பில பட்டு பாதி நேரம் நம்ம மடியிலயே வந்து விழும். அப்பிடிப்பட்டவங்கள கண்ணாடி மேல நடக்க வைக்கிறது சரியா? இல்ல அவங்கள எங்கயாச்சும் உக்கார வச்சிட்டு நாங்க மட்டும் போயிட்டு வரலாமா, உக்கார எடம் இருக்கா? அப்பாக்கு முட்டி வலி வேற, ரொம்ப நடக்கணுமா? போனு உள்ள விட மாட்டாங்கன்னு கேள்விப்பட்டேன், நெசமா? நேர்ல போனவங்க சொன்னா நல்லாருக்கும்.

தொண்டிக்காரன்_வேகஸ்:

அக்கா, நான் இங்க வேகஸ்லதான் இருக்கேன், ஊர்ல இருந்து யாரு வந்தாலும் அங்க கூட்டிட்டுப் போறது நம்ம டூட்டி மாதிரி ஆயிருச்சு, அதனால தெரிஞ்சத சொல்றேன்.

மொதல்ல ஒரு குழப்பத்த தீத்துக்கங்க. ஸ்கைவாக் இருக்குறது கிராண்ட் கேன்யன் வெஸ்ட்ல, அது நேஷனல் பார்க் கிடையாது, ஹுவாலபாய்ங்கிற பழங்குடி மக்களோட சொந்த நிலம். அதனால தம்பிகிட்ட நேஷனல் பார்க் பாஸ் இருந்தாலும் அங்க செல்லாது, தனி டிக்கெட், அதுல ஸ்கைவாக்குக்கு மேல கொஞ்சம் சேத்துக் கட்டணும். சவுத் ரிம்ங்கிறது நேஷனல் பார்க்குல இருக்குற வேற எடம், அங்க இருந்து ஸ்கைவாக் நாலஞ்சு மணி நேர டிரைவு. ரெண்டையும் ஒரே நாள்ல பாத்துரலாம்னு பிளான் போட்டு வர்றவங்க நெறைய பேரு, அது நடக்காது.

ஹெண்டர்சன்ல இருந்து ரெண்டு மணி நேரம், கூடக்குறைய ஆகலாம். ஹூவர் அணையத் தாண்டி 93ம் நம்பர் ரோட்டுல போயி டோலன் ஸ்பிரிங்ஸ் பக்கம் திரும்பணும், அப்பறம் வழி பூரா ஜோஷுவா மரம், பாக்க அழகா இருக்கும். கடைசில டயமண்ட் பார் ரோடு முன்ன மண் ரோடா இருந்துச்சு, 2014ல தார் போட்டாச்சு, இப்ப எந்தக் காரும் போகும். பெட்ரோல் மட்டும் கெளம்புறப்பவே ரொப்பிருங்க, அங்கிட்டு பங்கு அதிகம் கெடையாது, போன் சிக்னலும் விட்டு விட்டுத்தான் வரும்.

நடை பத்திக் கேட்டீங்க. கார மெயின் டெர்மினல்ல போட்டுட்டு அவங்க விடுற பஸ்ல ஏறணும், அது ஈகிள் பாயிண்ட், குவானோ பாயிண்ட்னு நிறுத்தி நிறுத்திப் போகும், எங்க வேணா எறங்கி அடுத்த பஸ்ல ஏறிக்கலாம். ஸ்கைவாக் ஈகிள் பாயிண்ட்ல இருக்கு. பஸ்ல இருந்து எறங்கி கொஞ்ச தூரம்தான், வீல்சேர்கூட போகும், அப்பாக்கு பிரச்சன இல்ல. அம்மா கண்ணாடி மேல வரலன்னா ஈகிள் பாயிண்ட்லயே உக்காந்து பள்ளத்தாக்க பாக்கலாம், எதிர்ல பாறை கழுகு ரெக்கைய விரிச்ச மாதிரியே இருக்கும், அந்த மக்களுக்கு அது புனிதமான எடம். பக்கத்துலயே பழங்குடி வீடுகள மாதிரி கட்டி வச்சிருக்காங்க, உள்ள போயிப் பாக்கலாம். சும்மா உக்காந்திருக்கோமேன்னு அம்மாக்குத் தோணாது.

போன் விஷயம் நெசந்தான், நாங்க போனப்ப போனு, கேமரா, பை எல்லாத்தையும் லாக்கர்ல வச்சிட்டுத்தான் விட்டாங்க. கீழ விழுந்தா கண்ணாடில கீறல் விழும்ல. அவங்களே போட்டோ எடுத்து விப்பாங்க, விலை கூடத்தான். இந்த ரூல மாத்துனாலும் மாத்துவாங்க, புக் பண்ற அன்னிக்கு அவங்க சைட்ல ஒருவாட்டி படிச்சிருங்க.

கீழக்கரை_மரைக்கான்:

அக்கா, நான் உம்மா வாப்பாவ கூட்டிக்கிட்டு டூர் பஸ்ல போயிருக்கேன். எங்க உம்மாவும் உங்க அம்மா மாதிரிதான், மாடில துணி காயப் போடவே சொவரப் புடிச்சிக்கிட்டு நடக்குறவங்க.

உள்ள போறதுக்கு முன்னாடி செருப்புக்கு மேல மாட்ட துணி உறை ஒண்ணு குடுப்பாங்க, அத மாட்டிக்கிட்டுத்தான் கண்ணாடில கால் வைக்கணும். பாலம்னு சொல்றோமே தவிர ஒரு கரைல இருந்து இன்னொரு கரைக்குப் போறது இல்ல, லாடம் மாதிரி வளைஞ்சு வெளிய போயி திரும்ப அதே கரைக்கே வந்துரும். விளிம்புல இருந்து 70 அடி, அதாவது 21 மீட்டர் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. ரெண்டு பக்கமும் நெஞ்சு உசரத்துக்கு கண்ணாடிச் செவரு, மேல புடிச்சிக்க கம்பி.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா நடுவுலதான் கண்ணாடி வழியா கீழ தெரியும். ரெண்டு ஓரத்துலயும் அடில பெரிய இரும்பு உத்தரம் ஓடுது, அதுக்கு மேல நடந்தா பள்ளம் தெரியாது. உம்மா அந்த ஓரமாவே கம்பியப் புடிச்சிக்கிட்டு எதிர் மலைய மட்டும் பாத்துக்கிட்டு நடந்தாங்க, வாய்க்குள்ள ஓதிக்கிட்டே. வளைவு வந்ததும் நின்னுட்டாங்க. நான் திரும்பிரலாமாம்மான்னு கேட்டேன், பேசாத இருன்னுட்டாங்க, கொஞ்ச நேரம் கழிச்சு வலது காலத் தூக்கி கண்ணாடி மேல வச்சாங்க, விரல் மட்டும் மொதல்ல, அப்பறம் முழுப் பாதம், அப்பறம் ஒருவாட்டி குனிஞ்சு பாத்தாங்க. கீழ ஒரு காக்கா பறந்துச்சு. பறவையோட முதுக மேல இருந்து பாத்தத இன்னிக்கு வரைக்கும் வீட்டுக்கு வர்ற எல்லார்கிட்டயும் சொல்லுவாங்க. ஆனா வாப்பா, எவ்வளவோ கப்பல்ல போன மனுசன், அவருக்கு பாதியிலயே தல சுத்தி வெளிய வந்துட்டாரு. அதனால யாருக்கு எப்படின்னு இங்க இருந்து சொல்ல முடியாது. வற்புறுத்தாம வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போங்க, அங்க அவங்களே முடிவு பண்ணட்டும், ஆனா டிக்கெட்ட முன்னாடியே சேத்து எடுக்கணுமான்னு மட்டும் பாத்துக்கங்க.

பலமா இருக்குமான்னு அம்மா கேட்டா தைரியமா சொல்லுங்க, பல அடுக்கா ஒட்டுன கண்ணாடி, ஒரு நேரத்துல 120 பேருக்கு மேல விட மாட்டாங்க, அது தாங்குறது அதுக்கு எத்தனையோ மடங்கு. 2007ல திறந்தப்ப நெலாவுல நடந்த பஸ் ஆல்ட்ரின்தான் மொதல்ல நடந்து காட்டுனவங்கள்ல ஒருத்தரு.

ஏர்வாடி_காத்து:

நான் அக்காவோட தம்பி பக்கம். அங்க குடுக்குற காசுக்கு பத்து நிமிசம் கண்ணாடி மேல நின்னுட்டு வர்றதுதான். 4000 அடின்னு விளம்பரத்துல போடுறாங்களே, அது பள்ளத்தாக்கோட அடில ஓடுற கொலராடோ ஆறு வரைக்கும் உள்ள உசரக் கணக்கு. கண்ணாடிக்கு நேர் கீழ இருக்குறது பக்கத்துப் பள்ளம், அங்க 500ல இருந்து 800 அடிதான் நேர் ஆழம். இதத் தெரிஞ்சுக்கிட்டு போறவங்க போகட்டும், தெரியாமப் போயி ஏமாந்தவங்க எங்க கூட்டத்துலயே இருக்காங்க. கிராண்ட் கேன்யன்னா என்னன்னு தெரியணும்னா சவுத் ரிம்ல நின்னாத்தான் தெரியும், அந்த அகலம் வெஸ்ட்ல கெடையாது.

தொண்டிக்காரன்_வேகஸ்:

அண்ணே நீங்க சொன்ன அடிக்கணக்கு சரி, அத நான் மறுக்கல. ஆனா 500 அடிய காலுக்கு நேர் கீழ பாக்குறப்ப அது கொறச்சலா தெரியாது. ஸ்கைவாக் மட்டும் பாத்துட்டு அடுத்த பஸ்ல திரும்புறவங்களுக்குத்தான் ஏமாத்தமா இருக்கும். குவானோ பாயிண்ட்ட விட்டுறக் கூடாது. அங்கதான் ஆறு நல்லா தெரியும், மூணு பக்கமும் பள்ளம். எதிர்க்கரைல ஒரு வவ்வால் குகை, அதுல இருக்குற வவ்வால் எச்சத்த உரமா விக்க 1950கள்ல கம்பி கட்டி தொட்டில ஆத்துக்கு இந்தப் பக்கம் கொண்டாந்தாங்க. லட்சம் டன் இருக்கும்னு நம்பி எறங்குனாங்க, கெடச்சது ஆயிரம் டன் கிட்டத்தான். அந்தக் கம்பியத் தாங்குன இரும்புக் கோபுரம் துருப்புடிச்சு இன்னும் விளிம்புல நிக்குது. அப்பா மாதிரி வின்ச்சு, ரோப்புன்னு வாழ்ந்தவருக்கு அது ரொம்பப் புடிக்கும் பாருங்க, பக்கத்துல நின்னு ஒவ்வொரு சக்கரமா பாப்பாரு.

ஒண்ணு கவனம், குவானோ பாயிண்ட்ல விளிம்புல தடுப்புக் கம்பி கெடையாது. செல்ஃபி எடுக்க பின்னாடி பின்னாடி நகர்ற பழக்கம் இருந்தா வேணாம். அம்மாவ உள் பக்கமா நடக்க வைங்க.

காசு புடுங்குற எடம்னு சொல்றது எனக்கு மனசுக்கு ஒப்பல, தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. 1874ல அந்த மக்கள மொத்தமா சொந்த எடத்துல இருந்து வெரட்டி ஆத்தோரமா லா பாஸ்ங்கிற எடத்துக்கு நடத்தியே கொண்டு போனாங்க, பசியிலயும் நோயிலயும் நெறைய பேரு செத்தாங்க. 1883லதான் இப்ப இருக்குற நிலத்த ஒதுக்குனாங்க, அதுல வெவசாயம் பண்ண தண்ணி இல்ல, தொழில் இல்ல. அவங்க கைல இருந்தது அந்த விளிம்பு ஒண்ணுதான். ஸ்கைவாக் கட்டலாமா வேணாமான்னு அவங்களுக்குள்ளயே பெரிய வாக்குவாதம், பெரியவங்க சில பேரு புனித எடத்துல கூடாதுன்னு சொன்னாங்க. இன்னிக்கு அதுல வர்ற காசு அந்த ஊருக்குப் போகுது. அந்த டிக்கெட்ட அப்பிடி நெனச்சு எடுங்க.

தேவிபட்டினம்_வாத்தியார்:

தங்கச்சி, நான் புவியியல் பாடம் எடுக்குறவன், மகன் வீட்டுக்குப் போயிருந்தப்ப ரெண்டு எடமும் பாத்தேன். என் மனசுல நின்னது சவுத் ரிம்தான், ஏன்னு சொல்றேன்.

சவுத் ரிம்ல நீங்க நிக்கிற பாறை இருக்கே, கைபாப் சுண்ணாம்புப் பாறை, சுமார் 27 கோடி வருசத்துக்கு முன்ன கடலடியா இருந்தது. இப்ப கடல் மட்டத்துல இருந்து 7000 அடி மேல இருக்கு. நான் அந்தப் பாறைல சிப்பி படிஞ்ச அச்சப் பாத்தேன், விரல வச்சுத் தடவிப் பாத்தேன். மண்டபத்துல, ராமேஸ்வரத்துல பழைய வீட்டுச் செவத்துல பவளக்கல்லுல பூப்பூவா தெரியுமே, அதப் பாத்து வளந்தவங்களுக்கு அந்த அச்சு யாரும் சொல்லாமயே புரிஞ்சிரும். அடியில ஆத்தோரமா தெரியிற கருப்புப் பாறைக்கு வயசு 170 கோடி வருசத்துக்கு மேல. அதுக்கு அவங்க வச்சிருக்குற பேரு விஷ்ணு.

ஆமா, நம்ம விஷ்ணுதான். கிளாரன்ஸ் டட்டன்னு ஒரு புவியியல்காரரு 19ம் நூற்றாண்டுல அங்க ஆராய்ச்சி பண்ணாரு, கோபுரம் கோபுரமா நிக்கிற குன்றுகளப் பாத்துட்டு கீழ்த்திசை தெய்வங்க பேர வைக்க ஆரம்பிச்சாரு, பின்னால வந்தவங்களும் அதே வழில போனாங்க. விஷ்ணு டெம்பிள், பிரம்மா டெம்பிள், சிவா டெம்பிள், கிருஷ்ணா ஷிரைன், ராமா ஷிரைன்னு மேப்புலயே இருக்கு. கோயில்னு நெனச்சுராதீங்க, வெறும் பாறைக் குன்றுதான். ஆனா ராமநாதசாமி கோயில் மணி காதுல விழுற தூரத்துல பொறந்த ஒரு அம்மாகிட்ட அங்க தெரியிறதுதான் விஷ்ணு டெம்பிள்னு கை காட்டிச் சொன்னா அவங்க மொகத்த பாருங்க. டெசர்ட் வியூ ரோட்டுல போனா அது நல்லாத் தெரியும்.

உசரம் பயப்படுறவங்களுக்கும் சவுத் ரிம் சுலபம். விளிம்பு ஓரமா தார் போட்ட நடைபாதை, முக்கியமான எடத்துலயெல்லாம் கம்பி, நெனச்ச எடத்துல உக்காந்துக்கலாம். யாவபாய் மியூசியம்னு ஒண்ணு விளிம்புலயே இருக்கு, பெரிய கண்ணாடி ஜன்னல் வழியா உள்ள நின்னே பாக்கலாம், குளிர்ல அதுதான் நல்லது.

ஏர்வாடி_காத்து:

வாத்தியாரய்யா சொன்னதுதான் நானும் சொல்ல வந்தது. ஆனா அக்கா செலவுக் கணக்குல ஒண்ணு சேத்துக்கங்க, 2026ல இருந்து வெளிநாட்டுல இருந்து வர்றவங்ககிட்ட வருச பாஸ் இல்லன்னா கிராண்ட் கேன்யன் நேஷனல் பார்க்ல தலைக்கு 100 டாலர் கூடுதலா வாங்குறாங்க. அதனால சவுத் ரிம் மலிவுன்னு கண்ண மூடிக்கிட்டு சொல்ல முடியாது, தம்பிய உக்காந்து ரெண்டு கணக்கையும் போடச் சொல்லுங்க.

தங்கச்சிமடம்_பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வெவரமா யாரும் சொல்வாங்கன்னு நெனக்கல. கீழக்கரை தம்பி எழுதுனத அம்மாக்கு வாசிச்சுக் காட்டுனேன், அந்த ஓரமா இரும்பு இருக்குங்கிறத மட்டும் ரெண்டுவாட்டி படிக்கச் சொன்னாங்க. அப்பறம் அப்பாகிட்ட குவானோ பாயிண்ட் கம்பி கதையச் சொன்னதும் அவரு ஸ்கைவாக்க விட்டுட்டு அது எத்தன அடி நீளம், மோட்டாரு எந்தப் பக்கம்னு கேக்க ஆரம்பிச்சிட்டாரு.

இப்ப என் கேள்வி, டிசம்பர் குளிர்ல இதெல்லாம் முடியுமா? நம்ம ஊர்ல மார்கழிக்கே அம்மா தலைல துண்டு கட்டிக்குவாங்க. அப்பறம் ஊர்லயே அம்மாக்கு கொஞ்சம் பழக்கிக் கூட்டிட்டுப் போனா நல்லதா?

கீழக்கரை_மரைக்கான்:

பழக்கிப் பாக்குறதுன்னா கன்னியாகுமரி போங்கக்கா. விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவுல 2024 டிசம்பர் 30ல கண்ணாடிப் பாலம் தெறந்தாங்கல்ல, 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், கீழ கடல் அலை அடிக்கிறது காலுக்கு அடியில தெரியும். உசரம் கம்மிதான், ஆனா கண்ணாடி மேல கால் வைக்கிற அந்த மொத பயம் அங்கயே போயிரும். கடல் நம்ம அம்மாக்களுக்குப் பழகுன பொருளு, பள்ளம்தான் புதுசு, அதனால கடல் மேல ஆரம்பிக்கிறது நல்லது. அங்க தைரியமா நடந்தாங்கன்னா ஸ்கைவாக் டிக்கெட் எடுங்க, அங்கயே கண்ண மூடிக்கிட்டாங்கன்னா அவங்களுக்கு மட்டும் சாதா டிக்கெட்.

தொண்டிக்காரன்_வேகஸ்:

டிசம்பர்ல முடியும்கா, கூட்டம் கம்மிதான், கிறிஸ்மஸ்ல இருந்து புத்தாண்டு வரைக்கும் உள்ள வாரத்த மட்டும் தவிருங்க, அப்ப ரொம்ப நெருக்கும். கிராண்ட் கேன்யன் வெஸ்ட் 4800 அடி கிட்ட உசரம், பகல்லயே பத்து டிகிரி பக்கம்தான் இருக்கும், காத்து அடிச்சா அதுக்கும் கீழ இருக்குற மாதிரி தெரியும். சவுத் ரிம்ல பனியே விழுந்து கெடக்கும், நடைபாதை வழுக்கும், முட்டி வலிக்காரருக்கு அது ஆகாது. அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த டிசம்பர்ல வெஸ்ட்ட எடுங்கன்னு சொல்லுவேன், வாத்தியாரய்யா மன்னிக்கணும். சவுத் ரிம் போகணும்னா ஏப்ரல் மே மாதிரி வர்றப்ப ராத்திரி அங்க தங்கிப் பாக்குற மாதிரி போங்க, ஹெண்டர்சன்ல இருந்து ஒரு வழிக்கே நாலு மணி நேரத்துக்கு மேல ஆகும்.

நேர வித்தியாசம் ஒண்ணு இருக்கு, இதுல மாட்டுனவங்க அதிகம். வேகஸ் நெவாடால, ஸ்கைவாக் அரிசோனால. குளிர்காலத்துல அரிசோனா ஒரு மணி நேரம் முன்னால ஓடும். இங்க காலைல ஏழுக்கு கெளம்புனா அங்க போறப்ப அவங்க கடிகாரம் பத்தத் தாண்டிரும். சாயங்காலம் அவங்க நேரம் அஞ்சரைக்கெல்லாம் இருட்டிக்கிட்டு வரும், அந்த ரோட்டுல ராத்திரி மாடு குறுக்க வரும், வெளக்கு கெடையாது, வெளிச்சம் இருக்குறப்பவே மெயின் ரோட்டுக்கு வந்துருங்க.

அம்மா சேல கட்டுவாங்கன்னா உள்ள ஒரு தெர்மல் பேண்டு, மேல காத்து புகாத ஜாக்கெட்டு, காது மூடுற தொப்பி. சேலைக் கொசுவம் அந்தக் காத்துல நிக்காது, பின்னு குத்திக்கச் சொல்லுங்க, இல்லன்னா சுடிதார் நல்லது. சாப்பாடு அங்க கெடைக்கும், ஆனா பெரியவங்களுக்கு ஒத்துக்காது, புளிச்சோறு கட்டி கார்ல வச்சிக்கங்க, டெர்மினல் பார்க்கிங்லயே சாப்பிடலாம்.

காத்து ரொம்ப அடிச்சாலோ மின்னல் வெட்டுனாலோ ஸ்கைவாக்க மூடிருவாங்க. அதனால ஊருக்கு வந்த மொத நாளே போகாம ரெண்டு மூணு நாள் கையில வச்சிக்கிட்டு வானிலை பாத்து புக் பண்ணுங்க.

தேவிபட்டினம்_வாத்தியார்:

தம்பி சொன்னது நியாயம், பனியில முட்டி வலிக்காரர சவுத் ரிம்முக்கு அனுப்ப நானும் சொல்ல மாட்டேன். தங்கச்சி, வெஸ்ட்லயே போங்க. ஒண்ணு மட்டும், அங்க விளிம்புல கெடக்குற கல்ல எதையும் ஞாபகத்துக்குன்னு பையில போட்டுராதீங்க, பிள்ளைங்க கேட்டாலும் குடுக்காதீங்க, அது அந்த மக்களோட மண்ணு.

தங்கச்சிமடம்_பொண்ணு:

சரிங்கய்யா. முடிவு பண்ணியாச்சு, அடுத்த வாரம் கன்னியாகுமரி போறோம், அப்பறம் டிசம்பர் 20க்குள்ள வெஸ்ட். தம்பியும் ஒத்துக்கிட்டான், ஏப்ரல்ல அவன் தனியா சவுத் ரிம் போயி விஷ்ணு டெம்பிள போட்டோ எடுத்து அம்மாக்கு அனுப்பணும்னு கண்டிசன். தொண்டி தம்பி, டேட்டு முடிவானதும் இங்கயே எழுதுறேன், அந்த வாரம் காத்து எப்பிடின்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.

தொண்டிக்காரன்_வேகஸ்:

கண்டிப்பாக்கா. மூணு நாளுக்கு முன்னாடி கேளுங்க, அப்பத்தான் சரியாச் சொல்ல முடியும். அப்பாக்கு கையுறை நல்லதா ஒண்ணு வாங்கிருங்க, குவானோ பாயிண்ட்ல அந்த இரும்பத் தொடாம வர மாட்டாரு, டிசம்பர்ல அது ஐஸ் மாதிரி இருக்கும்.